விலை இறங்கிய நாதம்



முப்பத்தைந்து ஆண்டுக்காலம் தமிழ்ப் பள்ளியில் இலக்கணம் போதித்த ஒருவனை அழைத்து இசையைப் பற்றிப் பேசு என்று பணித்தால், அவன் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பற்றியோ, பண்ணாராய்ச்சியைப் பற்றியோ, தமிழிசை இயக்கத்தைப் பற்றியோ பேசுவான் என்றுதான் அழைத்தவர்கள் எண்ணியிருப்பார்கள். அந்த எண்ணத்திற்கு மாறாகத்தான் நடந்துகொள்ளப் போகிறேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது மரியாதை. அமெரிக்காவின் சிக்காகோ நகரத்தில் 1980களில் பிறந்து, இன்று உலகத்து நடனக் கூடங்களையெல்லாம் ஆண்டுகொண்டிருக்கும் ‘ஹவுஸ்’ என்னும் இசையைப் பற்றியும், அது பிறக்கக் காரணமாயிருந்த சில மலிவான ஜப்பானியப் பெட்டிகளைப் பற்றியும், அந்தப் பெட்டிகளையே சிங்கப்பூரில் வாங்கிப்போய்ச் சிக்காகோக்காரர்கள் பெயரெடுப்பதற்கு முன்பே பம்பாயில் இராகம் வாசித்துப் பதிவுசெய்த ஒரு வித்வானைப் பற்றியும் பேசவே இங்கே வந்திருக்கிறேன். இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றுகிறவர்களுக்காக, முதலில் என் தாய்மாமன் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மாமா கிள்ளானில் ரயில்வே வேலை பார்த்தவர். சனி ஞாயிறுகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் தபேலா வாசிப்பார். கல்யாண விருந்து, கோயில் திருவிழா, தோட்டத்துப் பொங்கல் விழா என்று அந்தக் குழு ஏறாத மேடை இல்லை. 1980களின் நடுவில் ஒரு நாள், குழுவில் ஆர்மோனியம் வாசித்துவந்தவர் சிங்கப்பூருக்குப் பஸ் ஏறிப்போய் ஒரு கேசியோ கீபோர்டு வாங்கிவந்து, எங்கள் வீட்டு அஞ்சடியில் பாய் விரித்து அதன்மேல் வைத்தார். கட்டைகளுக்கு மேலே வரிசையாகச் சிறு பொத்தான்கள். ராக், டிஸ்கோ, போசா நோவா, மார்ச், வால்ட்ஸ் என்று ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு தாளத்தின் பெயர். குத்துப்பாட்டுக்கு அதில் பொத்தான் இல்லை. ஜப்பானில் அதைச் செய்தவர்களுக்கு நம் குத்துப்பாட்டை எவர் போய்ச் சொல்லியிருப்பார்? ஆனால் அந்த மனிதர் சளைக்கவில்லை. வால்ட்ஸ் பொத்தானை அழுத்திவிட்டு, வேகத்தைக் கூட்டும் கட்டையை மெள்ள மெள்ள மேலே தள்ளிக்கொண்டே போனார். ஐரோப்பியச் சீமாட்டிகள் பட்டுப் பாவாடை சுழல ஆடுவதற்கென்று அமைந்த அந்த மூன்று தட்டு நடை, ஓரிடத்தில் சட்டென்று தன் முகத்தை மாற்றிக்கொண்டு, நாம் காவடிக்குப் பின்னால் கேட்டு வளர்ந்த திஸ்ர நடையாகி, எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் அதிர ஒலித்தது. பிள்ளைகள் நாங்கள் எழுந்து ஆடினோம். மாமாவும் சிரித்தார். அடுத்த மாதம், சிறிய கச்சேரிகளுக்கு இனித் தபேலா வேண்டியதில்லை என்று அவருக்குச் சொல்லியனுப்பினார்கள்.

இந்த ஒரு காட்சிக்குள் நான் இன்று பேசவந்த பொருள் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. விலை மலிந்த ஒரு யந்திரம் அது எவர் கைக்கென்று செய்யப்பட்டதோ அந்தக் கையை விட்டு வேறொரு கைக்குப் போகிறது. அந்தக் கை, செய்தவன் நினையாத காரியத்தை அதனிடம் வாங்குகிறது. அப்படி வாங்கும்போதே யாரோ ஒருவருடைய பிழைப்பில் மண் விழுகிறது.

சிக்காகோவுக்கு வருவோம். 1979ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள், அந்நகரத்துக் கோமிஸ்கி பார்க் என்னும் பேஸ்பால் மைதானத்தில், டிஸ்கோ இசையை வெறுத்த ஒரு வானொலி அறிவிப்பாளரின் ஏற்பாட்டில், மக்கள் கொண்டுவந்த டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் களத்துக்குள் பாய்ந்து கலவரமாகி, அன்றைய இரண்டாவது ஆட்டமே கைவிடப்பட்டது. அந்த மைதானத்தில் அன்றிரவு, வருகிறவர்களுக்கு இருக்கை காட்டும் வேலையில் இருந்தவர் வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர். ஒரு சின்தசைசர் வாங்கவேண்டும் என்று அந்தச் சம்பளத்தில் காசு சேர்த்துக்கொண்டிருந்தவர். தகர்க்கப்பட்டவற்றில் டிஸ்கோவே அல்லாத கறுப்பினப் பாடகர்களின் தட்டுகளும் கிடந்ததைக் கண்டதாக அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஐந்தாண்டுகள் கழித்து, 1984இல், ஜெஸ்ஸி சாண்டர்ஸ் என்பவரோடு சேர்ந்து அவர் ஆக்கிய ‘ஆன் அண்ட் ஆன்’ என்னும் தட்டைத்தான் ஹவுஸ் இசையின் முதல் இசைத்தட்டு என்று பலரும் மதிக்கிறார்கள்.

டிஸ்கோ என்பது வயலின்காரர்கள் இருபது பேரும், ஊதுகுழல்காரர்கள் பத்துப் பேரும், பெரிய ஒலிப்பதிவுக் கூடமும் வேண்டிய ராஜாங்க இசை. கம்பெனிகள் அதற்குக் காசு போடுவதை நிறுத்தியபின், அதை மறக்கமாட்டாத கறுப்பின இளைஞர்களும் லத்தீன் இளைஞர்களும், பிற இடங்களில் தலைகாட்டக் கூசிய ஓரினக் காதலர்களும், ‘வேர்ஹவுஸ்’ என்ற மன்றத்தில் கூடினார்கள். நியூயார்க்கிலிருந்து 1977இல் வந்து அங்கே தட்டுச் சுழற்றிய ஃபிராங்கி நக்கிள்ஸ் என்பவரின் இசைக்கு, அந்த மன்றத்துப் பெயரின் பின்பாதியே பெயராயிற்று. நகரத்தின் தென்பகுதியிலோ எஃகு ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைத்துக்கொண்டிருந்தன. இருபது வயலின் அமர்த்தக் கதியில்லாத அந்தப் பிள்ளைகள் அடகுக் கடைகளிலும் பழைய சாமான் கடைகளிலும் தேடியபோது அகப்பட்டவை, எவரும் வேண்டாமென்று ஒதுக்கிய ஜப்பானியப் பெட்டிகள்.

அந்தப் பெட்டிகளைச் சற்று அருகில் வைத்துப் பார்க்கவேண்டும். ரோலண்ட் கம்பெனி 1980இல் டிஆர்-808 என்ற தாளப் பெட்டியை 1,195 டாலருக்கு விற்பனைக்கு விட்டது. அந்தக் காலத்திலேயே அமெரிக்காவில் ரோஜர் லின் என்பவர், மெய்யான முரசுகளின் ஒலியைப் பதிந்து வைத்து ஆக்கிய எல்எம்-1 என்ற பெட்டி ஏறக்குறைய 5,000 டாலர். அதன் ஒலியைக் கேட்டவர்கள் 808இன் ஒலியைப் பொம்மைக் கடை ஓசை என்று இகழ்ந்தார்கள். ஏறத்தாழ 12,000 பெட்டிகளோடு 1983இல் அதன் உற்பத்தி நின்றது. நின்றதற்குச் சொல்லப்படும் காரணம் ரசமானது: ரோலண்டை நிறுவிய இகுதாரோ ககேஹாஷி, தரச் சோதனையில் தோற்றுக் கழிக்கப்பட்ட ஒருவகை டிரான்சிஸ்டர்களை வேண்டுமென்றே வாங்கி, அவற்றின் பழுதிலிருந்துதான் அந்தப் பெட்டிக்கே உரிய சீறும் ஒலியை எடுத்தார், தொழிற்சாலைகளின் திறம் வளர்ந்து பழுதான டிரான்சிஸ்டர்கள் கிடைப்பது அரிதானதும், பெட்டியைச் செய்ய வழியில்லாமல் போயிற்று.

இன்னொன்று டிபி-303. தனியாகக் கிதார் பழகுகிறவனுக்குப் பக்கத்தில் பேஸ் கிதார்காரன் ஒருவன் இருப்பதுபோல் வாசிக்கட்டும் என்று, 1981இன் இறுதியில் 395 டாலர் விலையில் வந்த வெள்ளிநிறச் சிறுபெட்டி. பேஸ் கிதாரைப்போல் அது ஒருநாளும் ஒலிக்கவில்லை. அதற்குள் ஒரு மெட்டை ஏற்றும் முறையோ படித்தவனையும் பைத்தியமாக்கும்: முதலில் ஸ்வரங்களை மாத்திரம் வரிசையாகக் கொடுக்கவேண்டும், பிறகு முதலிலிருந்து தொடங்கி, எந்த ஸ்வரம் எப்போது ஒலிக்கவேண்டும் என்ற காலக்கணக்கை மாத்திரம் கொடுக்கவேண்டும், இரண்டும் உள்ளே சந்திக்கும்போது நாம் மனத்தில் நினைத்த மெட்டு பத்தில் ஒன்பது முறை வெளியே வராது. பேட்டரி தீர்ந்துபோனால் ஏற்றிவைத்த மெட்டெல்லாம் குழம்பி, யாரும் இயற்றாத ஸ்வரக் கோவைகளை அது தானாகவே பாடும். ஏறத்தாழ 10,000 பெட்டிகள் செய்தபின் 1984இல் கம்பெனி கைகழுவியது. பெட்டிகள் வந்த விலைக்குப் போயின.

அப்படிப் போனவற்றுள் ஒன்றை வாங்கியவர்கள் ‘ஃப்யூச்சர்’ என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்ட மூன்று இளைஞர்கள். அவர்களிடம் அதற்குரிய கையேடு இருந்திருந்தால் உலகத்துக்கு நஷ்டமாகியிருக்கும் என்றுகூடச் சொல்லலாம். பெட்டி ஏதோ ஒரு கோவையைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருக்க, அவர்களுள் ஒருவரான டி.ஜே. பியர், அதன் முகத்திலிருந்த சிறு திருகுகளைச் சும்மா திருகிப் பார்த்தார். ஒலியை ஒருமுறை சரிப்படுத்தி அப்படியே விட்டுவிடுவதற்காக வைத்த திருகுகள் அவை. பாட்டு நடக்கும்போதே திருகினால், ஒரே கோவை சிணுங்கி, அலறி, நீருக்குள் அமிழ்ந்ததுபோல் மங்கி, மறுபடி மேலெழுந்து வந்தது. அந்தப் பதிவை ‘மியூசிக் பாக்ஸ்’ மன்றத்தில் ரான் ஹார்டி என்பவர் ஒரே இரவில் நான்கு முறை போட்டார் என்றும், முதல்முறை சபை ஆட மறுத்து ஒதுங்கியது என்றும், நான்காம் முறை வெறிகொண்டு ஆடியது என்றும் சொல்வார்கள். அதுவே 1987இல் ‘ஆசிட் டிராக்ஸ்’ என்ற தட்டாக வெளிவந்து, ஒரு புதிய வகைக்கே பெயர் தந்தது. அதை வெளியிட்ட டிராக்ஸ் கம்பெனியும் சிக்கனத்தில் சளைத்ததல்ல. பழைய தட்டுகளை உருக்கி, அவற்றின் தாள் ஒட்டைக்கூடச் சரியாக நீக்காமல் புதிய தட்டு வார்த்ததாகப் பெயர் வாங்கியது. ஹவுஸ் இசையின் மூலத் தட்டுகளில் கேட்கும் பொரிபொரிப்பில் பாதி அந்தப் பழைய தட்டுகளின் சாம்பல்தான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இனி நான் சொல்லவிருப்பது, இந்தச் சரித்திரத்தின் நடுவே நெடுங்காலம் மறைந்துகிடந்த ஓர் அத்தியாயம். பம்பாய்த் திரையிசையில் கிதாரும் மின்னணுக் கருவிகளும் வாசித்துச் சீவனம் செய்த சரண்ஜித் சிங், சிங்கப்பூருக்குப் போனபோது, அப்போதுதான் கடைக்கு வந்திருந்த 808, 303 என்னும் அதே இரண்டு பெட்டிகளையும், ஜூப்பிட்டர்-8 என்ற பெரிய சின்தசைசரையும் வாங்கிக்கொண்டு போனார். சுங்க வரியால் இந்தியாவில் எட்டாக்கனியாக இருந்த மின்னணுச் சாமான்கள் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வரியின்றிக் கிடைத்த காலம் அது. எங்கள் ஆர்மோனியக்காரர் பஸ் ஏறிய அதே காரணம்தான். 1982இல் எச்.எம்.வி. கம்பெனிக்காக, ஏறத்தாழ இரண்டே நாளில், ‘டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்று பத்து இராகங்களை அவர் பதிந்தார். 808 தாளம் போட, 303 அடியில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்க, மேலே ஜூப்பிட்டரில் அவர் கையால் இராகம் வாசித்தார். பைரவ் என்பது நம் மாயாமாளவகௌளை. யமன் நம் கல்யாணி. மால்கௌன்ஸ் நம் இந்தோளம். பூபாலி நம் மோகனம்.

அதைக் கேட்டுப் பார்த்தேன். ஒருமுறை கேட்டதில் திருப்தியடையாமல் ஒரு வாரம் கேட்டேன். என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லவேண்டுமானால், கமகத்தின் நுட்பம் தேடிப் போகிறவர் ஏமாந்து திரும்புவார்; 303 ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும்போது, இடைவெளி சிறிதானாலும் பெரிதானாலும் ஒரே கால அளவில்தான் வழுக்குகிறது; நம் பாட்டு வாத்தியார்கள் ஜாரு என்று சொல்லும் ஒன்றை அது ஒருவாறு தொடுகிறதேயன்றி, ஸ்வரத்தையே அசைத்துப் பாடும் கம்பிதம் அதற்குக் கைவராத வித்தை. ஆனால் இராகத்தின் அடிப்படையாகிய ஆதார சுருதி மாறாமை என்ற ஒன்று இருக்கிறதல்லவா, அதை அந்தப் பெட்டியைப்போல் காப்பது எதுவுமில்லை. தம்பூரா எப்படி நகராமல் நின்று பாடுகிறவனை நகர விடுகிறதோ, அப்படியே அந்தப் பெட்டி ஒரே கோவையில் நின்று அவரை உலாவ விட்டது. மேற்கத்தியப் பாட்டில் சுருதிப் பின்னணி மாறிக்கொண்டே இருப்பதால் அங்கே இந்தப் பெட்டி இடறியது. இராகத்துக்கு அது இடறவில்லை. சிக்காகோ இளைஞர்கள் அறியாமலே போய்ச் சேர்ந்த இடத்துக்கு, சரண்ஜித் சிங் அறிந்தே போய்ச் சேர்ந்தார்.

தட்டு விற்கவில்லை. எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் 2002இல் டில்லியில் ஒரு பிரதியைக் கண்டெடுத்து, பின்னர் அதன் ஆசிரியரையும் தேடிக் கண்டு, 2010இல் மறுபதிப்புச் செய்யும்வரை, அந்த நாதத்தைக் கேட்பார் இல்லை. அதன்பின் ஐரோப்பிய மேடைகளில் அதே கருவிகளோடு வாசித்துப் புகழ்பெற்று, 2015இல் சரண்ஜித் சிங் காலமானார்.

இங்கேதான் என் கேள்வி பிறக்கிறது. பெட்டி ஒன்றுதான், கால வித்தியாசம் சில ஆண்டுகளே, வித்வத்திலோ பம்பாய்க்காரர் பன்மடங்கு உயர்ந்தவர். பம்பாயில் அணைந்த சுடர் சிக்காகோவில் பற்றி எரிந்தது எதனால்? அவர் முன்னோடி, உலகம் புரிந்துகொள்ளவில்லை என்று சொல்லி நிறுத்திக்கொள்வது எளிது. எனக்கு அது போதவில்லை. சரண்ஜித் சிங் அந்தச் சாமான்களைப் புத்தம் புதிதாக, முழு விலை கொடுத்து வாங்கினார். ஜூப்பிட்டர் ஒன்றே 5,000 டாலருக்கு மேல். பம்பாயில் அவரிடம் இருந்த பெட்டிகள் பக்கத்துத் தெருக்காரனிடம் இல்லை. சிக்காகோவில் ஒருவன் சனிக்கிழமை ஒரு கோவையை மன்றத்தில் கேட்டால், திங்கட்கிழமை இரவல் பெட்டியில் அதைவிட நல்லதொன்று செய்துபார்ப்பான். நக்கிள்ஸ் வைத்திருந்த 909 என்னும் தாளப் பெட்டியே, டெட்ராய்ட்டைச் சேர்ந்த டெரிக் மே என்பவரிடமிருந்து வாங்கியதுதான். ஒரு பெட்டி நான்கு கை மாறும்போது நான்கு பேருடைய தந்திரமும் அதில் ஏறிவிடுகிறது. மலிவு என்பதன் பயன் ஏழை ஒருவனுக்கும் கருவி கிடைப்பதோடு முடிகிறது என்று நான் முன்பு எண்ணியிருந்தேன். ஒரே தெருவில் பத்துப் பேருக்குக் கிடைப்பதுதான் அதன் பெரும்பயன் என்று இப்போது எண்ணுகிறேன். ஒருவன் தனியே வாசித்தால் கச்சேரி. பத்துப் பேர் ஒருவரையொருவர் கேட்டு வாசித்தால்தான் சம்பிரதாயம்.

அந்த மலிவு ஆகாயத்திலிருந்து விழுந்ததும் அன்று. 1972இல் இங்கே மலேசியாவில் சுங்கை வே தடையற்ற வாணிப வட்டாரம் திறந்தபின், அந்நிய நாட்டு மின்னணுக் கம்பெனிகள் வரிசையாக வந்து இறங்கின. ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களின் பெண்மக்கள், விடியுமுன் தொழிற்சாலைப் பஸ்ஸில் ஏறிப்போய், உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே, மயிரிழையினும் மெல்லிய கம்பிகளைச் சில்லுகளில் ஒட்டினார்கள். என் மாணவியர் பலர் அந்த வேலைக்குப் போனவர்கள். கண் கெட்டுத் திரும்பியவர்களும் அவர்களில் உண்டு. உலகமெங்கும் மின்னணுச் சாமான் விலை இறங்கியதற்கு விஞ்ஞானிகளின் மூளை ஒரு காரணமென்றால், தென்கிழக்காசியப் பெண்களின் குறைந்த கூலி இன்னொரு காரணம். இசைச் சரித்திரம் எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

மலிவான கருவியைக் கண்டு வித்வான்கள் முகஞ்சுளிப்பதும் புதிதன்று. கமகம் பேசாத வாத்தியம் என்று ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை விலக்கிவைத்திருந்தது. அத்தனை காலமும் நாடகக் கொட்டகையும் பஜனை மடமும் அதை விடவில்லை. கர்நாடகப் புல்லாங்குழல் கலைஞரும் மின்னணுப் பொறியாளருமான பெங்களூர் ஜி. ராஜ் நாராயண் 1979இல் மின்னணுச் சுருதிப்பெட்டியை ஆக்கியபோதும் பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். இன்று இந்தக் கோலாலம்பூர்ப் பிரிக்பீல்ட்ஸில் மாலை ஆறு மணிக்கு எந்தப் பாட்டு வகுப்பின் வாசலில் நின்றாலும் அந்தப் பெட்டியின் குரலோ, கைப்பேசியில் வந்துவிட்ட அதன் பேரப்பிள்ளையின் குரலோதான் முதலில் காதில் விழுகிறது. சென்னையில், ஏ.ஆர். ரகுமானின் காலஞ்சென்ற தந்தை ஆர்.கே. சேகரின் கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் பிழைத்த வீட்டின் பின்கட்டில், 1989இல் ஒரு சிறு பதிவுக்கூடம் எழுந்ததையும், 1992இல் ‘ரோஜா’ வந்தபின் தமிழ்த் திரையிசையின் ஒலியே மாறியதையும் நான் விரித்துச் சொல்லவேண்டியதில்லை.

நம் ஊரின் கணக்கும் இதில் உண்டு. 1990களில் ‘போயெடிக் அம்மோ’ குழுவில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடிப் பெயர்பெற்ற யோகி பி, ‘நட்சத்ரா’ தோழர்களோடு 2006இல் ‘வல்லவன்’ என்ற தொகுப்பை வெளியிட்டார். அதில் ‘மடை திறந்து’ என்ற பாட்டு, 1980இல் ‘நிழல்கள்’ படத்துக்காக இளையராஜா அமைத்ததைப் புதிய தாளத்தின்மேல் ஏற்றி, மலேசியப் பிள்ளைகளின் சொல்லடுக்கை நடுவே நிறுத்திய பாட்டு. தமிழகத்து இளைஞர்களும் அதைத் தங்கள் பாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். வாத்தியக்காரர்கள் கூட்டமாக உட்கார்ந்து வாசித்த ஒன்றை, ஒரு சில இளைஞர்கள் இவ்வளவு தொலைவிலிருந்து திறந்து பார்த்து மறுபடி பூட்டியிருக்கிறார்கள். அதைப் பின்பற்றி வந்தவற்றில் முக்கால்வாசி எனக்குச் சகிக்கவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்; கணினியில் வந்த தாளத்தை வந்தபடியே விட்டுவிட்டு, அதன்மேல் கோபமாகப் பேசினால் பாட்டாகிவிடும் என்று நினைக்கிறார்கள். திருகைத் திருகிப் பார்க்கிற ஊக்கம் வேண்டாமா?

என் மாமாவின் கதையை அரைகுறையாக விட்டுவிட்டேன். ஆறு மாதம் அந்தக் குழுவோடு அவர் பேசவில்லை. பிறகு ஒரு மாரியம்மன் திருவிழாவில் அவர்களாகவே வந்து கூப்பிட, போய் உட்கார்ந்தார். பெட்டி அடித்தாளத்தைப் பிசகாமல் போட்டுக்கொண்டிருந்தது. அதைக் காக்கும் பொறுப்பு நீங்கிவிட்ட மாமா, அதன் இடுக்குகளில் எல்லாம் புகுந்து, நான் அதுவரை அவரிடம் கேட்டிராத வாசிப்பை அன்றிரவு வாசித்தார். அதை யாரோ ஒரு கேசட்டில் பதிந்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்துத் தேடினேன், கிடைக்கவில்லை.

ஆகையால் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன். கிள்ளானிலும் செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உங்கள் வீட்டு அலமாரியில் அந்தக் காலத்துக் கல்யாணக் கச்சேரிக் கேசட்டுகள் கிடக்கும்; கட்டை உடைந்த கீபோர்டுகள் கட்டிலுக்கடியில் கிடக்கும். வீடு மாறும்போது அவற்றைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். டில்லியில் யாரோ ஒருவர் ஒரு தட்டை எறியாமல் வைத்திருந்ததால்தான் நான் இன்று சரண்ஜித் சிங்கைப் பற்றிப் பேச முடிந்தது. இந்த வாரமே அவற்றை எடுத்துத் தூசி தட்டி, யார் வாசித்தது, எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன பெட்டி என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி, உள்ளே செருகி வையுங்கள்.